குதிகாலுக்கு வேண்டிய இடம்

பெடல் வாங்க வருகிறவர்கள் முதலில் எடையைத்தான் கேட்பார்கள். காய்கறி பொறுக்குவதுபோலக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். இது எத்தனை கிராம், அது எத்தனை கிராம் என்று விசாரிப்பார்கள். தங்கள் தொப்பையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சிரிக்க மாட்டேன். ஸ்டூலில் உட்காருங்கள், செருப்பைக் கழற்றுங்கள் என்பேன். காலைப் பார்க்காமல் பெடலைப் பார்த்து என்ன பிரயோசனம்.

கோச், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் பெடலில் ஆரம்பித்தால் சுற்றி வளைக்கிறேன் என்று தோன்றும். என் தங்கை வாலுவின் ஷூவை மேசைமேல் கவிழ்த்து, அடிப்பக்கம் தெரிய வைத்துவிட்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒழுங்காகப் பேசத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். இதன் வழியாக வந்தால்தான் பொய் சொல்லாமல் வந்து சேருவேன்.

கிளிப்லெஸ் பெடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன், அப்போதுதான் கோர்வையாக வரும். ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு சின்னத் தட்டை முடுக்குகிறோம். பெடலில் மிதித்ததும் அது டக்கென்று பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பழகும்வரை எல்லோரும் ஒரு தடவையாவது சிக்னலில் நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுவார்கள். ஒரு வங்கி மேலாளர் எங்கள் கடை வாசலிலேயே விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். "விழலைம்மா, ரோடு எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாத்தேன்" என்றார்.

விழுவது பெரிய விஷயம் இல்லை. முட்டிதான் விஷயம். பூட்டிய பிறகும் குதிகால் கொஞ்சம் அப்படி இப்படி ஆட இடம் விடுகிற கிளீட் இருக்கிறது. எங்கள் கடைக்கு வருவதில் அது மஞ்சள். ஆடவே விடாததும் இருக்கிறது, அது சிவப்பு. மனிதக் கால் எதுவும் அச்சில் வார்த்ததுபோல இருப்பதில்லை. மஞ்சளில் கால் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். சிவப்பில் நாம் வைத்த இடம்தான் அதற்கு இடம். போட்டிக்காரர்களில் சிலர் சிவப்புதான் வேண்டும் என்பார்கள், மிதிக்கிற பலம் கொஞ்சமும் சிதறாதாம். அதை மாட்டிவிடுகிறவளுக்கு அந்தக் காலைத் தெரிந்திருக்க வேண்டும்.

வாலுவின் காலை என்னைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது.

அம்மா போனபோது என் தங்கை நடக்கக்கூட ஆரம்பித்திருக்கவில்லை. நான் பள்ளி முடிக்கிற வயதில் இருந்தேன். அப்பா வேலை வேலை என்று ஊர் ஊராகப் போனார்; ஒரு கட்டத்தில் திரும்பி வருவதை நிறுத்திவிட்டார். என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிந்ததால் அவளுக்கு வாலு என்று பேர் வைத்தேன். வளர்ந்த பிறகு செய்த சேட்டைக்கும் அந்தப் பேர் பொருந்திப்போயிற்று.

அவள் எழுந்து நிற்கப் பழகியபோதே வலது பாதம் கொஞ்சம் வெளியே பார்த்தபடி இருந்தது. தெருப் பிள்ளைகள் வாத்து வருது, வாத்து வருது என்று அவள் பின்னாலேயே நடந்து காட்டுவார்கள். அழுதுகொண்டு வந்து நிற்பாள். நான் வாசல் நடையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அவள் குதிகாலைப் பிடித்துப் பிடித்து அதன்மேல் நடக்க வைத்தேன். மாதக்கணக்கில் செய்தேன். நேராக நடக்கக் கற்றுக்கொண்டாள். நடைதான் மாறியது, எலும்பு மாறவில்லை. விழித்திருக்கும்வரை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தூங்கும்போது அந்தப் பாதம் தன் இஷ்டத்துக்கு வெளியே திரும்பிக்கொள்ளும். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. அதைப் பார்க்கிற ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

நாங்கள் இருப்பது கடைக்கு மேலே ஒரே அறை. சுவரில் அவள் சைக்கிள் தொங்கும். செயின் எண்ணெய் வாசம் எங்கள் தலையணைவரைக்கும் வரும். கீழே பின்கட்டில் நான் ஆட்களுக்கு அளவெடுத்து சைக்கிளைப் பொருத்தித் தருகிறேன். சீட் உயரம், கைப்பிடி, கிளீட் எல்லாம். அளவு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்கே என் சொந்தப் பேர் சட்டென்று வாயில் வராது. அதில் எனக்குக் குறை இல்லை. எங்கெங்கேயோ இருந்து என் கையைத் தேடி வந்தார்கள். அவர்கள் எல்லோரையும்விட வேகமாக ஓட்டுகிறவள் என் தங்கை. அவள் சைக்கிளில் என் கை படாத திருகு ஒன்றுகூட இல்லை.

நீங்கள் வந்து பார்த்த மலைப் போட்டியில் அவள் ஜெயித்தாளே, அன்று சாயங்காலம் இந்த ஸ்டூலின்மேல் ஏறி நின்று உங்களைப்போலவே பேசிக் காட்டினாள். "பொண்ணே, உனக்கு நுரையீரல் இருக்கு, மூளைதான் இல்ல. அத நான் பாத்துக்கறேன், கிளம்பு." உங்கள் குழுவில் சேரக் கூப்பிட்டு அப்படியே சொன்னீர்களாமே. முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் அவள் இறங்கி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, பெடல் மாத்தணும். இந்தப் பழச மியூசியத்துல குடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க கோச்."

"எது வேணும் உனக்கு?"

"என்கிட்ட ஏன் கேக்குற? டாக்டர் வீட்டுப் பிள்ளை மாத்திரைப் பேரு சொல்லியா கேக்கும்? நீ மாட்டு, நான் மிதிக்கிறேன்."

அவள் இவ்வளவு காலமும் மஞ்சளில்தான் ஓட்டினாள். நான் வைத்தது அது. அந்தக் கால் திரும்ப வேண்டிய அளவுக்குத் திரும்பிக்கொண்டது, முட்டி ஒரு நாளும் முனகியதில்லை.

நான் சிவப்பை எடுத்தேன்.

மாட்டிய மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. முதலாளி நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். ஷூவை இந்த மேசையில்தான் கவிழ்த்து வைத்தேன். இடது காலை முடித்துவிட்டு வலதை எடுத்தேன். கிளீட்டை நேராக வைத்து, மூன்று திருகையும் மாற்றி மாற்றி முடுக்கினேன்.

நான் எதையும் கோணலாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், கோச். ஷூவின் நடுக்கோட்டின்மேல் கிளீட்டின் நடுக்கோடு படிந்திருந்தது. எந்தக் கடையில் கொண்டுபோய்க் காட்டினாலும் சுத்தமான வேலை என்பார்கள். அது யாருடைய கால் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று புரியும்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து சொன்னாள்:

"வலது கால யாரோ புடிச்சு வெச்சுக்கிட்ட மாதிரி இருக்குக்கா."

"ரேஸ் பெடல்டி. அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

"நீ சொன்னா சரி."

அவள் ஓட்டுகிற தூரத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் முட்டி ஒரு மயிரிழை முறுக்கப்பட்டால் போதும். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் முட்டியின் வெளிப்பக்கம் வலி வந்தது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேட ஆரம்பித்தாள். ஐஸ் வைத்தேன். எண்ணெய் தடவி நீவிவிட்டேன். சின்ன வயதில் கிடந்ததுபோலக் காலை என் மடியில் போட்டுக்கொண்டு எல்லாக் கதையும் சொன்னாள். கூட ஓட்டுகிற பெண்களைப் பற்றி, அவளைப் பார்த்தால் சங்கிலி கழன்றுபோகிற பையனைப் பற்றி, உங்களைப் பற்றி. பல வருஷமாக அவள் என்னிடம் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. அந்த நாட்களை நான் சந்தோஷமான நாட்கள் என்று சொன்னால் என்னை என்ன நினைப்பீர்களோ. ஆனால் அப்படித்தான் இருந்தன.

ஓய்வெடுத்தால் வலி குறையும், ஓட்டினால் திரும்பி வரும். பிசியோவிடம் போனாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. கிளீட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வாலு வந்து சொன்னாள். நான் ஷூவை வாங்கி, திருகுகளைத் தளர்த்தி, அதே இடத்தில் மறுபடி முடுக்கிக் கொடுத்தேன். "பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு" என்றேன். அவள் பிசியோவிடம் போய், "எங்கக்கா பாத்துட்டா" என்று சொன்னாளாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் பேருக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு நாள் குளிக்கப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் கால், என் கால் என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே இருந்தாள். வலிக்கிற காலைக் கெஞ்சுகிற குரல் அது.

மனசு கேட்கவில்லை. கீழே வந்தேன். திருகு முடுக்கும் அலன் கீயை எடுத்தேன். அவள் தூங்கும்போது அந்தப் பாதம் எவ்வளவு திரும்பும் என்று என் கைக்குத் தெரியும். அந்த அளவுக்குக் கிளீட்டைத் திருப்பி, அழுத்தி, முடுக்கினேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் ஓட்டிப் பார்த்தவள், ஒரு நாள் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். பட்டுப்போன மரம் துளிர்த்ததுபோல இருந்தது முகம்.

"வலியே இல்லக்கா. சுத்தமா இல்ல. அந்த பிசியோவுக்குக் கோயில்தான் கட்டணும், என்ன கைராசி. கோச்சுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன், அடுத்த மாசமே வரச் சொல்லிட்டாங்க."

முதலாளியின் கையைப் பிடித்துச் சுற்றினாள். பிசியோவுக்குப் போன் செய்து நன்றி சொன்னாள். உங்களுக்கு மறுபடி போன் செய்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் அலன் கீகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை என்று சொல்ல மாட்டேன். திரும்பினாள். "என்னக்கா, உம்முனு இருக்க? எனக்குச் சரியாயிடுச்சுன்னு சந்தோஷம் இல்லயா?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

"இருக்குடி" என்றேன்.

அவள் குளிக்கப் போனதும் ஷூவை எடுத்துக் கிளீட்டைப் பழையபடி வைத்தேன்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வலி திரும்பி வந்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. உங்களிடம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாளே, வார்த்தை மாறக் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு மலை ஏறினாள். ஏற்றத்தின் பாதியில் முட்டி பூட்டிக்கொண்டது. பெடலில் இருந்து காலைக் கழற்ற முடியாமல் சைக்கிளோடு சாய்ந்தவளை, காய்கறி வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். முட்டிச் சில்லுக்கு அடியில் குருத்தெலும்பு தேய்ந்து கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை முடிந்து வந்ததும் அவளே உங்களுக்குப் போன் செய்தாள், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று. அப்போது நான் பக்கத்தில் நின்று அவள் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. கிளீட்டின் அடியில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். முடுக்கும்போது ஷூவின் அடியில் கடித்துத் தடம் பதிக்கும். "ஒரே தடம் இருந்திருந்தா, கை தவறிடுச்சுன்னு நினைச்சுப் போயிருப்பேன். ரெண்டு தடம் இருக்கு, ஒண்ணு நேரா, ஒண்ணு திருப்பி. சரியான இடம் எதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றீர்கள். உண்மைதான். அவளுக்காக நான் மனம் இளகிச் செய்த ஒரே வேலை அது. அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சாலையை நினைத்துப் பயந்தேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். லாரிகள், குழிகள், தனியாகப் போகிற பெண். சொன்னால் நம்புவீர்கள். ஆனால் அவள் தினமும் விடியலில் அந்தச் சாலையில்தான் போனாள், நான் இங்கே நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிரிவைத் தாங்க முடியாமல் செய்தேன் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்கள். அதனால்தான் அவ்வளவு வருத்தத்தோடு அதைச் சொன்னீர்கள்: "அவ உனக்கும் சேர்த்து இடம் கேட்டிருந்தா, தெரியுமா? அக்கா இல்லாம வரமாட்டேன்னு அடம் பிடிச்சா. குழுவுக்கு சைக்கிள் பொருத்தித் தர்ற ஃபிட்டரா உன்னை எடுக்க ஒத்துக்கிட்டோம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள், நான் உடைந்துபோவேன் என்று.

தெரியும், கோச். அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். பெடல் மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். ரகசியம் காக்கத் தெரியாத வாய் அவளுக்கு.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீடே தர்றாங்கக்கா. ஜன்னலத் திறந்தா மலை. அங்க மெஷின் எல்லாம் இருக்காம், காலுக்கு வயர் மாட்டி கம்ப்யூட்டர்லயே பாத்துடுவாங்களாம். நீ சும்மா பக்கத்துல நின்னு கையக் காட்டினாப் போதும், மகாராணி மாதிரி."

மகாராணி மாதிரி. அவள் ஆசையாகத்தான் சொன்னாள். அன்று முழுக்க அந்த வீட்டைப் பற்றியே பேசினாள். எனக்கு அந்த வயர்கள்தான் கண்ணில் நின்றன. அங்கே அவள் காலை ஒரு மருத்துவர் பார்ப்பார், ஒரு பிசியோ பார்ப்பார், நீங்கள் பார்ப்பீர்கள், மெஷின் பார்க்கும். வலது பாதம் வெளியே திரும்புகிறது என்று முதல் வாரத்திலேயே யாராவது படம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அவள் ஆச்சரியப்படுவாள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். அவளை யாரும் என்னிடமிருந்து பிரிக்கவில்லை, கோச். கூடவே இருக்கச் சொன்னார்கள். வெறுமனே கூட இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவள் மேலேதான் படுத்திருக்கிறாள். சைக்கிளை விற்றுவிட்டோம், சுவரில் கொக்கி மட்டும் இருக்கிறது. மாடிப்படிக்கு என் தோள் வேண்டும். ஆனால் காலை மடியில் போட்டால் முன்போலப் பேசுவதில்லை. நீவிவிடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "போதும்க்கா, உனக்குக் கை வலிக்கும்" என்பாள். ஒரு தரம் மட்டும் கேட்டாள், "எல்லாரும்தான் ஓட்டுறாங்க. என் உடம்பு மட்டும் ஏன்க்கா இப்படிப் பண்ணுச்சு?" சில உடம்பு அப்படித்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். தன் காலை அவள் மன்னித்துவிட்டதுபோல இருந்தது.

அவளுக்குத் தெரிய வேண்டும் என்கிறீர்கள். தன் உடம்பைப் பழித்துக்கொண்டு அவள் கிடக்கக் கூடாது என்கிறீர்கள். நியாயம்தான். தடுக்க எனக்கு என்ன அருகதை. நான் சொன்னால் நம்ப மாட்டாள், என்னைக் காப்பாற்ற ஏதாவது காரணம் தேடுவாள். அதனால் நீங்களே சொல்லுங்கள். ஷூவை எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு தடத்தையும் காட்டுங்கள். அறைக் கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், தோளால் தள்ள வேண்டும்.

நேராக முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். அவசரப்படாதீர்கள். சொல்லி முடித்ததும் என்னை ஒரு குரல் கூப்பிடுங்கள், நான் இங்கே படியடியில்தான் இருப்பேன். ரொம்ப அழுதால் அவளுக்கு மூச்சு அடைக்கும். அப்போது நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு தோளுக்கும் நடுவில் உள்ளங்கையால் மெதுவாகத் தடவ வேண்டும். வேறு யார் கை பட்டாலும் அவளுக்கு அடங்காது.